டிரைவர் இல்லை என்கிற முதலாளிகளுக்கு, ஒரு விலாசம் கேட்டு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்து லாரி உரிமையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதினால் உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்துவிடும். அடுத்த வாரமும் உங்களிடம்தான் லோடுக்கு வந்து நிற்க வேண்டும், அதனால் பெயர் வேண்டாம். பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறவன், தொழிலுக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

போன மாதம் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற ஒரு புக்கிங் ஆபீசில் காத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஓனர் டீ ஆறிப்போகிற வரைக்கும் ஒரே புலம்பல். எட்டு வண்டி வைத்திருக்கிறார். மூன்று வண்டி டிரைவர் இல்லாமல் நிற்கிறது, வண்டிக் கடனுக்கான டியூ மட்டும் நிற்காமல் ஓடுகிறது. "இந்தக் காலத்துப் பசங்க எவனும் லாரிக்கு வர்றதில்லைங்க. சோத்துப் பொட்டலம் குடுக்கிற வேலைக்கு பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிடறானுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லியிருக்கிறார்.

அவர் புலம்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நின்றுகொண்டிருந்த மூன்று வண்டிகளில் ஒன்றின் கேபினில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து டயர் கடையில் எடுபிடி. ராத்திரியில் வண்டியைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாகத்தான் கேபினில் அந்தப் படுக்கை. இருபத்தொரு வயது. டிரைவர் ஆகணும் என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சே இல்லை. ஓனரும் அவனும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் இருப்பது பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அவன் தாண்ட முடியாததற்கு ஒரே காரணம், அவனுக்கு விலாசம் கிடையாது.

நானும் அப்படி வந்தவன்தான். 2004-ல் எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா வாங்கிய கடனுக்கு வீடும் போனது. அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிமெண்ட் வண்டியில் ஏறி நாமக்கல்லில் இறங்கினேன். கையில் முப்பத்தேழு ரூபாய். முதல் ராத்திரி ஆஞ்சநேயர் கோயில் பக்கம். பதினெட்டு அடி உயரச் சாமி, அவர் தலைக்கு மேலே கூரை கிடையாது, வெயிலும் மழையும் நேரே அவர் மேல்தான். இந்த ஊரில் அவருக்கே அப்படி என்றால் நமக்கென்ன என்று நினைத்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. பசி முற்றினால் அப்படி ஒரு சிரிப்பு வரும்.

அப்புறம் ஒரு பாடி கட்டும் பட்டறையில் சில மாதம் கம்பி தூக்கினேன். அங்கே வண்டி விட வந்த டிரைவர் ஒருவர் என்னைக் கிளீனராக ஏற்றிக்கொண்டார். இனி அவரை குரு என்றே எழுதுகிறேன்.

கிளீனர் வேலை என்றால் வண்டி துடைப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஓனர்களான உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்களில் இரண்டாம் தலைமுறை ஆட்களுக்குத் தெரியுமோ என்னவோ. குரு முதலில் சொல்லிக் கொடுத்தது டயர் தட்டுவது. வண்டி நின்றதும் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வர வேண்டும். காற்று இருக்கிற டயர் கம்பியைத் திருப்பி உதைக்கும், கையில் தெரியும். இறங்கின டயர் 'தொப்'பென்று கம்பியை வாங்கிக்கொள்ளும். ஜோடி டயரில் உள்பக்கம் இருப்பது இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டு ஓடும், கொஞ்ச தூரத்தில் இரண்டும் சேர்ந்து போகும். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது இன்னொரு பாடம். மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது இன்னொன்று. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் காட்டி, "ஏறின கியர்லயே இறங்குடா, டீசல் ஓனரோடது, உயிர் உன்னோடது" என்பார். ஓனர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

வண்டிதான் எனக்கு வீடு. குளியல் பெட்ரோல் பங்கில். மாற்றுத்துணி, ஒரு தட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பள்ளிச் சான்றிதழ், எல்லாம் ஒரு ரெக்சின் பையில். அந்தப் பை வண்டியில் இருந்தால் கரி படியும் என்று ஒரு டீக்கடை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தேன். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்குவதற்கு, வண்டி பட்டறைக்குப் போவது உங்களுக்குச் செலவு. எனக்கு அது வீட்டைக் காலி செய்கிற நாள். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் எங்கே படுப்பது என்பது ஒரு மாதத்துக்கு முன்பே மனசில் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டிரைக் வந்தாலும் அதே கதைதான். டிரைவரை வண்டியோடு இருக்கச் சொல்வார்கள், கிளீனரை ஊருக்குப் போகச் சொல்வார்கள். எந்த ஊருக்கு?

ஒரு வருஷம் போனதும் குரு என்னை லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் எழுதுகிறவரிடம் போய் நின்றேன். அட்ரஸ் என்ன என்று கேட்டார். டி.என். 28 என்று ஆரம்பித்து வண்டி நம்பரைச் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் மனசுக்கு வரவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் நாலாவது விதி என்று ஒன்று இருக்கிறது. வயதுக்கும் விலாசத்துக்கும் என்னென்ன காகிதம் காட்டலாம் என்று அதில் வரிசையாக இருக்கும். எதுவுமே காட்ட முடியாதவன் தகுந்த காரணம் சொன்னால், நோட்டரியிடமோ மாஜிஸ்ட்ரேட்டிடமோ சத்தியம் செய்த அஃபிடவிட்டை அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம் என்று அதன் அடியில் ஒரு வாசகம் உண்டு. எனக்கு இது தெரியவந்தபோது நான் லைசென்சை ஒரு தடவை புதுப்பித்தே முடித்திருந்தேன். அன்றைக்கு வாசலில் சிரித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. எந்த ஆபீஸ் சுவரிலும் அதை எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. போக்குவரத்துத் துறையில் யாராவது இதைப் படித்தால், லஞ்சம் கொடுக்காதீர்கள் போர்டுக்குக் கீழே இந்த ஒரு வரிக்கும் இடம் கொடுக்கலாம்.

குருவுக்கும் அஃபிடவிட் விஷயம் தெரியாது. ஆனால் காட்டக்கூடிய காகிதங்களில் எல்.ஐ.சி. பாலிசியும் ஒன்று என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என் பெயரில் சின்னதாக ஒரு பாலிசி எடுத்தார், விலாசம் அவருடைய வீடு. முதல் பிரீமியத்தையும் அவரே கட்டினார். கல்யாணம் ஆகாத பையனுக்கு எதுக்குங்க இன்சூரன்ஸ் என்று ஏஜென்ட் கேட்டதற்கு, "குடியிருக்கத்தான்" என்றார். கொஞ்ச நாள் கழித்து பிரீமியம் நோட்டீஸ் ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது. என் பெயர் போட்டு எனக்கு வந்த முதல் தபால் அதுதான். பணம் கட்டச் சொல்லி வந்த கடிதத்தை அத்தனை ஆசையாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அதைக் காட்டி எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம், அப்புறம் கார் லைசென்ஸ். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனால்தான் லாரிக்கு எல்.எல்.ஆரே போட முடியும். சட்டம் அப்படி, அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் எதைச் சாப்பிடுவது, எங்கே தூங்குவது என்று சட்டத்தில் இல்லை. அது முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் வேண்டும், ஐந்தாம் நம்பர் படிவம். குருவிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் கற்றவனுக்கு அவரால் அந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியாது. ஸ்கூலில் பணம் கட்டி, எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடியும் கற்றேன். ஹெவி, அதாவது லாரி லைசென்ஸ், கைக்கு வந்தபோது எனக்கு 22 வயது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பே நான் ஓட்டியிருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு, ஆள் இல்லாத நெடுஞ்சாலையில், குருவுக்குக் கண் சொருகும்போது ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இன்றைக்கும் உங்கள் வண்டிகளில் இது நடக்கிறது. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டி யாரையாவது இடித்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பிக் கேட்டு வரும். பல தீர்ப்புகள் அப்படித்தான் வந்திருக்கின்றன. அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கிற செலவை அதோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த டயர் கடைப் பையனிடம் வருகிறேன். அவனுக்குச் சில விஷயங்கள் என் காலத்தைவிடச் சுலபம். எட்டாவது படித்திருந்தால்தான் லாரி லைசென்ஸ் என்று இருந்ததை 2019-ல் எடுத்துவிட்டார்கள். மாநிலத்துக்குள் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்திருத்தம் வந்ததும் அதே வருஷம்தான். அவன் படித்தது ஆறாவது வரைக்கும், அதனால் இவை இரண்டும் அவனுக்காகவே வந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இப்போது எல்லாமே ஆதாரில் இருக்கிறது. இவன் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள். அங்கே எடுத்த ஆதார். விலாசம், அவர்கள் வேலை பார்த்த கட்டடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்களாம். ஆதாரோடு சேர்த்த போன் நம்பர் அப்பாவுடையது. அப்பா போன பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, நம்பர் செத்துவிட்டது. ஓ.டி.பி. யாருக்கோ போகிறது, அல்லது யாருக்குமே போகவில்லை. நம்பரைக் கூட ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மாற்றிவிட்டோம், நானே கூட்டிக்கொண்டு போனேன். விலாசம் மட்டும் கர்நாடகத்திலேயே நிற்கிறது.

விலாசம் மாற்ற கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்துப் போட்ட சான்று போதும். வீடற்றவர்கள் தங்கும் விடுதி என்றால் அதன் காப்பாளர் கொடுக்கும் சான்றையும் ஏற்கிறார்கள். விடுதிக்குப் போனால் ராத்திரிக் காவல் போகும், காவல் போனால் சாப்பாட்டுக்கு வழி போகும், அதனால் அது ஆகவில்லை. ஒரு கவுன்சிலரிடம் போனோம். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். எந்த வீதி, எந்த வீடு என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நாளைக்கு எவனாவது புகார் கொடுத்தால் நான் மாட்டிக்குவேன்ப்பா என்றார். அவர் பயமும் புரிகிறது.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இதே நாட்டில் தேர்தல் கமிஷனிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீடில்லாதவன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டால், அவன் படுக்கிற இடத்தைச் சொன்னால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில், ஒரு நாளுக்கு மேலாகவே வந்து, அவன் அங்கே படுத்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். படுத்திருந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டும். காகிதம் கேட்கக் கூடாது. ஆக, ஓட்டுப் போட பிளாட்பாரம் விலாசமாகிறது. வண்டி ஓட்ட ஆக மாட்டேன் என்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்ய முடியும்?

நாங்கள் போன அதே கவுன்சிலரிடம் எட்டு வண்டி ஓனர் ஒருவர் போன் போட்டு, "நம்ம ஷெட்டிலதான் பையன் இருக்கான், நான் பொறுப்பு" என்றால் சான்று அன்றைக்கே கிடைத்துவிடும். உங்கள் ஷெட்டில் ஒரு சின்ன அறையை ஒதுக்கி, வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைக்க இடம் இருந்தால், பாதிப் பேர் உங்களை விட்டுப் போகவே மாட்டார்கள். நான் டீக்கடை அக்காவுக்காக எத்தனை நல்ல லோடை விட்டிருக்கிறேன் தெரியுமா? பை அங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டு மூன்று மாதம் வடக்கே போக மனசு வராது.

நடுவில் இருக்கிற ஒரு வருஷத்துக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம், தனியாகப் பதிவு வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. முட்டை ஏற்றுகிற வண்டி, குட்டி யானை, பார்சல் வண்டி எல்லாம் உங்களிடமோ உங்கள் மச்சான் மாமனிடமோ இருக்கும். இருபது வயது தாண்டிய பையனை அந்த ஒரு வருஷம் அதில் போடுங்கள். சம்பளமும் வரும், கையும் பழகும். எனக்கு இது கிடைத்திருந்தால் அந்த வருஷம் கொஞ்சம் எடை கூடியிருப்பேன்.

ஸ்கூல் பணத்தை முன்பணமாகக் கொடுத்து மாசாமாசம் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஹெவி எடுத்து முதலில் சேர்ந்த இடத்தில் ஆறாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். ஒரிஜினல் லைசென்சை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கையில் ஜெராக்ஸ். கர்நாடகா பார்டரிலிருந்து நாக்பூர் வரைக்கும் ஜெராக்சைக் காட்டிக் காட்டி நான் கொடுத்த மாமூலே ஆறாயிரத்தைத் தாண்டியிருக்கும். கணக்குத் தீர்ந்து லைசென்ஸ் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. கணக்கு எழுதுகிற நோட்டு அவர்களிடம், லைசென்சும் அவர்களிடம், எனக்குப் போக வேறு வீடும் கிடையாது. வீடில்லாதவனுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் அவன் ஓடிவிடுவான் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஓட முடியாதவன் என்று தெரிந்தே கொடுக்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். கடனை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் அவன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் கிளீனர். மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதியை 2018-ல் தளர்த்திவிட்டார்கள். கிளீனரை அதற்கு முன்பிருந்தே நீங்கள் ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டு வந்தீர்கள். அவனுக்குக் கொடுக்கிற தினப்படி, பேட்டா, மிச்சம். ஆனால் இந்த ஊரில் காசில்லாதவன் தொழில் கற்ற பள்ளிக்கூடம் அந்த இடது பக்க சீட்தான். சீட்டைக் காலியாக்கிவிட்டு டிரைவர் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஏ.சி. கேபின் வந்துவிட்டது, இனிமேல் பசங்க வருவாங்க என்கிறார்கள். ஏ.சி. நல்லதுதான், மே மாதம் நாக்பூர் ரோட்டில் வெந்தவனுக்கு அதன் அருமை தெரியும். அதில் ஏறி உட்காரக் காகிதம் வேண்டுமே.

உங்களில் பலர், அல்லது உங்கள் அப்பாக்கள், கிளீனராக ஏறி டிரைவராகி, அப்புறம் பழைய வண்டி ஒன்று வாங்கி ஓனர் ஆனவர்கள்தான். புக்கிங் ஆபீசில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். அப்போது உங்களுக்கும் யாரோ ஒருவர் திண்ணை கொடுத்திருப்பார்.

பையனுக்கு இப்போது ஆதார் விலாசம் மாற ஒரு கையெழுத்து வேண்டும், எல்.எல்.ஆர். போடக் கொஞ்சம் பணம் வேண்டும். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருப்பேன், ஆனால் நானே வாடகைக்கு இருக்கிறேன், வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார்.

பைபாசில் அந்த டயர் கடையை ஒட்டி மூன்று வண்டி நிற்கிறது. கடைசி வண்டி, நீலக் கேபின். ராத்திரி பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் அவன் அதில்தான் இருப்பான். பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றால் வந்து பாருங்கள். கண்ணாடியை மெதுவாகத் தட்டினாலே போதும், கையில் டயர் தட்டுகிற கம்பியோடு எழுந்து வருவான், பயந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டு சக்கர வண்டி டிரைவர் ஒருவன்,
நாமக்கல்.